பயத்தின் கையில் பேனாவைக் கொடுக்காதே!

சி.ஏ. இன்டரில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டாய். சபாஷ்! ரிசல்ட் வந்த சூடு ஆறுவதற்குள் வீட்டில் விசாரணை தொடங்கியிருக்கும். "பிக் ஃபோர்ல கிடைச்சிடுமாப்பா?" என்று மாமா போனில் கேட்டிருப்பார். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி என்ற நாலு பெயரும் அவருக்கு மனப்பாடம். உள்ளே ஒரு ஆர்ட்டிகிள் பையன் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்கிறான் என்பது தெரியாது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் மாமாவுக்குப் பெருமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக நீ இரண்டு வருஷத்தை எழுதிக் கொடுக்கப் போகிறாயா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாம தமிழ் மீடியம். அங்கெல்லாம் கான்வென்ட் பசங்கதான் நிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு, விண்ணப்பம்கூடப் போடாமல், கண்ணில் பட்ட ஆடிட்டர் ஆபீசில் ஒதுங்கிவிடுகிற கூட்டம். தங்கையே, நீ அந்தக் கூட்டத்தில் இருந்தால் எனக்கு உன் மீதுதான் அதிகக் கோபம். இன்டர் பேப்பரைத் திருத்தியவர் நீ எந்த மீடியத்தில் படித்தாய் என்று பார்த்தா மார்க் போட்டார்? பெரிய நிறுவனமோ நடுத்தர நிறுவனமோ, எதை வேண்டுமானாலும் எடு. பயந்துபோய் எடுக்காதே!

முன்பு ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷம். 2023 ஜூலையில் அமலுக்கு வந்த புதுத் திட்டத்தில் அது இரண்டாகிவிட்டது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் போனால்தான் ஃபைனல் எழுத முடியும். "சின்ன இடம்னா படிக்க லீவு தருவாங்க" என்று சீனியர்கள் சொல்லி வந்த கணக்கு இதனால் பாதி செத்துப்போயிற்று. படிப்புக்கு அந்த ஆறு மாதம் இருக்கிறது. இந்த இரண்டு வருஷம் வேலை கற்க மட்டும்தான். ஆகவே ஆபீசைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: என் கைக்கு என்ன வேலை வரும்?

ஏழெட்டு பார்ட்னர் இருக்கிற ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஏப்ரல் முதல் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? மார்ச் 31 கணக்கு முடிந்த கையோடு வங்கிக் கிளைத் தணிக்கை தொடங்கிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு தாலுகா ஊருக்குப் பஸ் ஏறுவாய். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன். நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் என்றால் கணக்கு வேறு, இரண்டு பட்டம் தாண்ட வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருப்பாய். அங்கே மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, "அந்த பார்ட்டி மார்ச் 30ஆம் தேதியே கட்டிட்டாரு தம்பி, கணக்கு ரெகுலர்" என்று சிரித்தபடி காபி தருவார். நீ ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிறாய். மார்ச் 30இல் பணம் வரவு. சரி. ஏப்ரல் 2இல் அதே தொகை, ரூபாய் மாறாமல், வெளியே போயிருக்கிறது. வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதே குடும்பத்தில் இன்னொருவர் பெயரில் அன்றைக்குக் கொடுத்த புதுக் கடன்! காபியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதுக்கு எம்.ஓ.சி. போடணும்" (கணக்கைத் திருத்தச் சொல்லும் குறிப்பு) என்று உன் வயதைப் போல இரண்டு மடங்கு வயசுக்காரரிடம் சொல்ல வேண்டும். குரல் நடுங்கும். நடுங்கட்டும், ஆனால் சொல்! அந்த ஐந்து நிமிஷம் சொல்லித்தருவதை எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தராது.

அதே ஆபீசில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி, செப்டம்பர் வந்தால் டாக்ஸ் ஆடிட், இடையில் வருமான வரி நோட்டீசுக்குப் பதில் என்று எல்லாம் உன் மேஜைக்கு வரும். இப்போது பெரும்பாலான வரி விசாரணை முகமறியா முறையில் நடக்கிறது. அதிகாரியின் முன்னால் போய் நின்று பேசிச் சமாளிக்கிற காலம் போய்விட்டது. எழுதுகிற பதில்தான் வாதாட வேண்டும். இருபது வயதில் அந்தப் பதிலை வரைவு எழுதி, பிரின்சிபல் சிவப்பு மையில் கிழித்துத் தர, மறுபடி எழுதுகிறவன் ஒரு நாள் யாருக்கும் அஞ்ச மாட்டான்.

சரி, பெரிய இடத்தில் ஒன்றுமில்லையா? இருக்கிறது! பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளின் ஒருங்கிணைந்த கணக்கு, வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள், இன்ட் ஏஎஸ் என்று நடுத்தர ஆபீசில் அபூர்வமாகக் கண்ணில் படுகிறவை அங்கே தினச் சோறு. உதவித்தொகையும் பொதுவாகக் கூடுதல். எல்லாவற்றையும்விட, ரிவ்யூ நோட் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நான் ரசிகன். "பில்லைச் சரிபார்த்தேன்" என்று எழுதினால் சீனியர் திருப்பி அனுப்புவார். எந்த பில், என்ன தேதி, யார் கையெழுத்து, எதோடு ஒப்பிட்டாய்? எழுது. எழுதினால் மேனேஜர் இன்னொன்று கேட்பார். அவரைத் தாண்டினால் பார்ட்னர். செய்ததை எழுத்தில் நிறுவாவிட்டால் செய்யாததற்குச் சமம் என்ற ஒழுக்கம் எலும்புக்குள் இறங்கிவிடும். ஆனால் ஒரே கம்பெனியின் நிலையான சொத்துக்களையே மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு, வரி ரிட்டர்ன் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் வெளியே வருகிறவர்களும் உண்டு.

பெயர்ப்பலகை காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதே. பிக் ஃபோர் ஒரு காலத்தில் பிக் ஃபைவ். ஐந்தாவது ஆர்தர் ஆண்டர்சன், 1913இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம், உலகம் முழுக்க சுமார் 85,000 பேர். என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. அடுத்த ஆண்டே அதன் தணிக்கையாளரான ஆண்டர்சன் தணிக்கைத் தொழிலையே விட வேண்டியதாயிற்று. என்ரான் விவகாரத்தில் ஆண்டர்சன் மீது வந்த தண்டனைத் தீர்ப்பை 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது காப்பாற்ற அங்கே நிறுவனமே மிச்சமில்லை. வேலை கற்றிருந்தவர்கள் வேறு இடத்தில் பிழைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலில் நம் சென்னைக்கு ஒரு முன்னோடி உண்டு: ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933இல் தணிக்கைப் பரீட்சை தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளரானார். சிறை சென்றவர் பதிவு செய்ய முடியாது என்ற தடை குறுக்கே நின்றபோது வழக்காடி வென்றார். தனியாகத் தொழில் நடத்தி, 1950களில் பட்டயக் கணக்காளர்களின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவரானார். நீயோ நேர்காணலில் இங்கிலீஷ் தடுமாறும் என்று விண்ணப்பம் போடத் தயங்குகிறாய்!

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக பிராக்டிஸ் செய்ய ஆசையா, அல்லது என்ன ஆகப் போகிறோம் என்றே இன்னும் தெரியவில்லையா? நல்ல நடுத்தர நிறுவனத்துக்குப் போ. ஃபைனல் முடித்த பிறகு பெரிய நிறுவனங்கள் மறுபடி ஆள் எடுக்கும், அப்போது போகலாம். பெரிய கம்பெனியின் நிதிப் பிரிவோ வெளிநாட்டு வேலையோதான் குறி என்று தெளிவாகத் தெரிந்தால் யோசிக்காமல் பெரிய இடத்தின் கதவைத் தட்டு. இரண்டு வருஷமும் டாலியில் என்ட்ரி மட்டும் போடச் சொல்கிற இடத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகாதே. "கையெழுத்து போட்டுத் தர்றேன், வர வேண்டாம், வீட்டிலிருந்து படி" என்று ஒருவர் சொன்னால் அந்தப் படியிலேயே திரும்பி நட. அது சலுகை இல்லை, திருட்டு. திருடு போவது உன் தொழில்.

படிவம் 103 நிரப்பும் முன் ஒரு காரியம் செய். அந்த ஆபீஸ் வாசலுக்குப் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் போய் நில். அங்கே வேலை செய்கிற ஆர்ட்டிகிள் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள். "போன மாசம் நீங்க என்ன செஞ்சீங்க? தப்பு பண்ணினா யார் சொல்லித் தருவாங்க?" என்று கேள். நேர்காணலிலும் பார்ட்னரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்: "இரண்டு வருஷத்தில் எனக்கு எந்தெந்தப் பிரிவில் வேலை தருவீர்கள்?" கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிற ஆபீசில் சேராதே. இந்த வாரமே பயோடேட்டாவை எடு, பெரிய நிறுவனம் இரண்டு, நடுத்தர நிறுவனம் நான்கு என்று ஆறு இடத்துக்கு அனுப்பு.