வலியின் வேளை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வலியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. குழித்தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதித்து, நாடா எறிந்து பிழைக்கிற தெரு. இடுப்பு வலிக்கும், தோள் வலிக்கும், கண் மங்கும். கூலியோடு சேர்ந்து வருவதுதானே என்று விட்டுவிடுவார்கள். தார் சுற்றியும் பாவு பிணைத்தும் வளர்ந்த எனக்கு விரல் கணுக்கள் வீங்கியபோது, "இழை முறுக்கின கை, வேற எப்படி இருக்கும்?" என்றது தெரு.

ஆனால் உழைப்பு தரும் வலியின் வேளை வேறு, இதன் வேளை வேறு. அது பொழுது சாயும்போது ஏறும், படுத்தால் இறங்கும். இது படுத்து எழுந்தால்தான் ஏறுகிறது. விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. இளகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வு கொடுத்தால் இன்னும் இறுகும், அசைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உழைப்பு வலி அதிகம் உழைத்த கையில் இருக்கும். இது இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நுனிக் கணுவைப் பெரும்பாலும் தொடாது. நடுக் கணு, அடிக் கணு, மணிக்கட்டு என்று பிடிக்கும்.

தேய்மானம் இல்லை இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உள்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. முடக்குவாதம், சரவாங்கி, எப்படிச் சொன்னாலும் அதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஊரே மூட்டு வலிக்காரர்களாக இருக்கும் ஊரில் இதைப் பிரித்தறிய, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. எப்போது வலிக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

*

காலையை விட்டுக்கொடுத்துவிட்டேன். வரதராஜர் கோயிலுக்குச் சாயங்காலம்தான். அத்திகிரியின் 24 படிகளையும், ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறேன். பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுவார்கள். படட்டும்.

2019இல் அதே கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதருக்கு 48 நாள் வைபவம். முதல் 31 நாள் சயனக் கோலம், மீதி 17 நாள் நின்ற கோலம். அபசாரம் ஆகாது என்றால் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது அந்த 31 நாள்தான்.

கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றும் ஒடுங்கிய வழி எனக்கு அடைபட்டுவிட்டது. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேற வேண்டும். மறுபிறவி இல்லாமல் போகும் என்பது நம்பிக்கை. முழங்காலும் மணிக்கட்டும் சம்மதிப்பதில்லை. கூட வந்தவர்கள் உள்ளே போய்த் திரும்பும்வரை, வெளியே அரித்துப்போன மணற்கல் சிங்கங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுபிறவி வந்தால் வரட்டும். மூட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

*

மெட்டியை வெட்டி எடுத்தாயிற்று. கரண்டிக் காம்புகளில் பழைய வேட்டித் துணியைத் தடிமனாகச் சுற்றியிருக்கிறேன், விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை. ஈரத் துணியைப் பிழிவதில்லை, குழாயில் மாட்டி ஒரே பக்கமாக முறுக்குகிறேன். பாத்திரத்தை விரலால் தூக்காமல் முன்கையில் ஏந்துகிறேன். ஊறுகாய் ஜாடி மூடியை மருமகள் இறுக்காமல் வைக்கிறாள். அதைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கோலம் இப்போது அவள் கையில். மாவைக் கிள்ளி இழுக்க எனக்குக் கட்டைவிரல் ஒத்துழைப்பதில்லை. நிலைப்படியில் நின்று புள்ளிக் கணக்கு மட்டும் சொல்வேன்.

"தெரியும் அத்தை" என்பாள், நிமிராமல்.

*

புதன்கிழமை மாத்திரை நாள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினசரி மாத்திரை என்று எண்ணி விழுங்கினால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் எல்லாப் புதனையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் போலிக் அமிலம். கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை.

இந்த மருந்தின் கதையில் ஒரு சென்னை மாணவர் உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து நின்றதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான். அமெரிக்காவுக்குப் போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு, 1940களில் போலிக் அமிலத்தையும் அதை எதிர்க்கும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் உருவாக்கியது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து அது. குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குத் தர அமெரிக்கா ஒப்புதல் அளித்தது 1988இல். அவர் 1948லேயே போய்விட்டார். கைத்தறித் துணிக்காகப் பட்டத்தை இழந்தவர் என்பதில், நெசவுத் தெருக்காரிக்கு அவரிடம் கொஞ்சம் உரிமை உண்டென்று வைத்துக்கொள்கிறேன்.

முடக்கத்தான் ரசத்தையும் விடவில்லை. மிளகு தூக்கலாக இருந்தால் அதன் கசப்பு நன்றாகவே இருக்கிறது. மாத்திரைக்குப் பக்கத்தில் அது இருக்கலாம், மாத்திரையின் இடத்தில் கூடாது. பெயரில்லாத பொட்டலப் பொடிகளை மட்டும் வாங்குவதில்லை. ஒரே வாரத்தில் வலியைப் பறக்கடிக்கிற பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு.

*

அடுத்த வீட்டுப் பெண் கோர்வைத் தறியில் உட்காருகிறாள். முப்பது வயதுதான். விடிந்ததும் நாடாவைப் பிடிக்க வரவில்லை, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது என்றாள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அடிக் கணுக்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல உப்பியிருந்தன. ரத்தத்தில் ஆர்.ஏ. காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் இரண்டும் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கவனிக்காமல் விட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும், அரித்தது திரும்ப வளராது என்றும் சொன்னேன்.

"சேலை அறுத்துக் கொடுத்துட்டுப் போறேன் அத்தை. முகூர்த்த ஆர்டரு."

அவள் தறியில் ஏறியிருப்பது மூன்று சேலைப் பாவு. முதல் சேலைக்கே இன்னும் முந்தி வரவில்லை.