பொல்லாத சந்ததி

ஸ்காட்லாந்தின் வடபாகத்தில், ராஸ் சீமையின் மலைகளுக்கு நடுவே, குரோய்க் என்னும் சிற்றூரில், சர்க்கார் செலவில் 1827ஆம் ஆண்டில் எழுந்த ஓர் எளிய தேவாலயம் இருக்கிறது. சிற்பமென்றோ சித்திரமென்றோ அங்கே விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழ்ப்புற ஜன்னலின் சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகளை உற்றுநோக்கினால், கூரிய முனையால் கீறிய மெல்லிய எழுத்துக்கள் புலப்படும். அவை கிளென்கால்விப் பள்ளத்தாக்குக் குடியானவர்களின் கையெழுத்து.

ஆட்டுப் பண்ணைக்கு விட்டால் நிலம் அதிகப் பணம் தரும் என்று கண்ட நிலப்பிரபுவின் காரியஸ்தர் ஜேம்ஸ் கில்லாண்டர்ஸ், குத்தகைப் பாக்கி ஏதும் வைக்காத 18 குடும்பங்களை 1845 மே மாதத்தில் அங்கிருந்து வெளியேற்றினார். போக்கிடமற்ற சுமார் 80 பேர், கல்லறைத் தோட்டத்தில் கழிகளை நட்டுக் கம்பளிகளை விரித்து, அதன் நிழலில் குழந்தைகளோடு ஒடுங்கினார்கள். ஆலயத்தினுள் அவர்கள் நுழையவில்லை. எழுத்தெல்லாம் கண்ணாடியின் வெளிப்புறத்தில்தான். கேலிக் பேசியவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது அந்நியரும் படிக்கட்டும் என்றுதான் போலும். ஊர்ப்பெயரும் தேதியும் கீறியதோடு அமையாமல், கிளென்கால்வி ஜனங்கள் பொல்லாத சந்ததி என்றும் ஒரு சில்லில் எழுதிவைத்தார்கள்.

பைபிளில், துன்பமெல்லாம் பாவத்தின் பலனே என்று சாதிக்க யோபுவிடம் மூன்று சினேகிதர்கள் வரவேண்டியிருந்தது. அவர்களை மறுத்துரைக்க அவனுக்கு நாவும் இருந்தது. இங்கோ, குற்றஞ்சாட்டும் வேலையைப் பாதிக்கப்பட்டவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஏன்? வந்த கேடு வெறும் பணக்கணக்கின் விளைவென்றால் அதற்கு அர்த்தமே இல்லை; அதுவே தெய்வ தண்டனையென்றால், தண்டித்த கரம் ஒருநாள் மன்னிக்கவும் கூடும் அல்லவா? ஆனால் இந்த ஆறுதலில் காரியஸ்தருக்கு எத்தனை சௌகரியம்! மலைநாட்டுப் போதகர்களில் பலர் அந்தச் சௌகரியத்தையே பிரசங்கித்தார்கள் என்பதும் வருத்தத்துக்குரியது. குரோய்க் போதகர் குஸ்தாவஸ் ஏர்டு அப்படிப்பட்டவரல்லர். 1843ஆம் ஆண்டுப் பிளவில் அரசுத் திருச்சபையை உதறி வெளியேறிய அவர், குடியானவர்கள் பக்கமே நின்றார். அந்த வாசகம் ஏளனமாக எழுதியதாகவும் இருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை.

1845 மே மாதத்து ஞாயிறொன்றில், லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர், அந்தக் குடியானவர்கள் மலைச்சரிவில் அமர்ந்து கேலிக் மொழியில் சங்கீதம் பாடுவதைக் கண்டார். கில்லாண்டர்ஸின் பெயரை உலகறிய எழுதியவர் அவர்தான். கண்ணாடியிலுள்ள அந்த வாசகத்தில் அந்தப் பெயர் இல்லை.