திருப்பித் தர இயலாத பொருள்

பங்குத் திருவிழா அழைப்பிதழ் அச்சிடுவதற்காகச் சென்ற ஆண்டு திண்டிவனம் சென்றிருந்தோம். பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் நமது பென் டிரைவைக் கொடுத்தோம். அங்கிருந்த இளைஞர் அதனைக் கணினியில் செருகி, உள்ளிருந்தவை அனைத்தையும் ஒருசேரப் படியெடுத்துக்கொண்டு, "சாயங்காலம் வாங்க ஃபாதர்" என்று திருப்பித் தந்துவிட்டார். விழுப்புரத்தில் வேறோர் அலுவல் இருந்தது. பேருந்து விக்கிரவாண்டியைக் கடக்கும்போதுதான் நெஞ்சில் உறைத்தது: அழைப்பிதழோடு பங்கின் குடும்பப் பதிவேடும், ஒரு தம்பதியரின் திருமணச் சிக்கல் குறித்து மறைமாவட்டத் தீர்ப்பாயத்திற்கு நாம் வரைந்த கடிதமும் அதிலே இருந்தன. (அவர்களின் இசைவோடே இதனை எழுதுகிறோம். சிக்கல் யாதென்பது இங்கு வேண்டாம்.)

2000-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் விற்ற பென் டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று நமது சாவிக்கொத்தில் தொங்குவதோ 64 கிகாபைட்; ஏறத்தாழ 8,000 மடங்கு. இடம் மிகுதியாயிருப்பதாலேயே எதனையும் பிரித்து வைக்கத் தோன்றுவதில்லை. திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஆயரகத்தின் மறைவு ஆவணக் காப்பகத்தைப் பற்றிப் பேசுகையில், அதன் திறவுகோல் ஆயர் ஒருவரிடமே இருத்தல் வேண்டும் என்கிறது. நாமோ காப்பகத்தையே சாவியோடு சேர்த்துக் கோத்து வைத்திருந்தோம்!

குருமடத்தில் ஏழாம் கட்டளையைப் பயின்றபோது, களவுக்கு ஈடு செய்வது பற்றி விரிவாகக் கற்றோம். எடுத்தவன் திருப்பித் தர வேண்டும். பிறர் நற்பெயரைக் கெடுத்தவனும் அதனை மீட்டுத் தரக் கடமைப்பட்டவன் என்பது புனித தோமா அக்குவினாசின் போதனை. பசுவைக் களவாடினால் தொழுவம் வெறுமையாகும். அவ்வெறுமையே களவுக்குச் சாட்சி. பென் டிரைவிலிருந்து படியெடுத்தால் எதுவும் குறைவதில்லை. குறையாத ஒன்றை எவ்வாறு திருப்பித் தருவது?

மாலையில் திண்டிவனம் திரும்பி, அந்த இளைஞரிடம் வேண்டிக்கொண்டோம். நம் கண்முன்னே கோப்புகளை நீக்கி, "அழிச்சாச்சு ஃபாதர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீக்குதல் என்பது பெரும்பாலும் பொருளடக்கத்தில் பெயரை அடிப்பது போன்றதே. திருமுழுக்குப் பதிவேட்டின் பின்பக்க அகரவரிசையில் ஒரு பெயரை அடித்துவிட்டால் உள்ளே அந்தப் பக்கம் கிழிந்துவிடுமா? மேலே வேறொன்று எழுதப்படும் வரை பழையது கிடக்கும். தேடத் தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம்.

தீய நோக்கம் எவருக்கும் இல்லையே என நம்மை நாமே தேற்றிக்கொள்ள முயன்றோம். அது எடுபடவில்லை. எவரது அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையையும் மீறலாகாது என்கிறது அதே தொகுப்பின் 220-ஆம் சட்டம். நோக்கமில்லாமலும் மீறலாம், கவனக்குறைவு போதும். அந்த இளைஞரைக் குறைகூற நமக்கு வாயில்லை. கொடுத்தவர் நாம். அதுவும் நமக்குரியதல்லாத ஒன்றை.

யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லி அவர்களை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் தயங்கினோம். அத்தயக்கத்தில் பாதி இரக்கம், பாதி நமது மானம். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். கணவர், "போகட்டும் சாமி" என்றார். அந்த அம்மையார் தலைகுனிந்து நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தத் தம்பி நம்ம ஊர்ப் பக்கமா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அதனை நாம் விசாரித்திருக்கவில்லை.