பிறக்கப் போகும் பிள்ளையின் செலவு யார் பொறுப்பு?

  

சென்ற வாரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு இளைஞர் எனக்காகக் காத்திருந்தார். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். மனைவிக்கு ஏழாவது மாதம். "ஹஜ்ரத், மனைவியோட நகையை அடகு வச்சு அகீகாவுக்கு ஆடு வாங்கலாமா?" என்று கேட்டார். பிரசவச் செலவுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "தலைப் பிரசவம்தானே, அதை மாமனார் பார்த்துக்குவார்" என்றார்.

சுன்னத்தான ஒன்றுக்குக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். கடமையான ஒன்றை மாமனார் தலையில் வைத்துவிட்டார். இது அவர் ஒருவருடைய தவறு அல்ல சகோதரர்களே, நம் ஊர் வழக்கமே இப்படித்தான் இருக்கிறது.

அல்லாஹ் என்ன சொல்கிறான்? பாலூட்டும் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் கொடுப்பது குழந்தையின் தகப்பன் மீது பொறுப்பு என்கிறான், அல்பகரா 233ஆம் வசனத்தில். எவரையும் அவரது சக்திக்கு மேல் சிரமப்படுத்தக் கூடாது என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. அத்தலாக் அத்தியாயம் 6ஆம் வசனத்தைப் பாருங்கள். தலாக் சொல்லப்பட்ட பெண்ணே ஆனாலும், அவள் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவிக்கும் வரை செலவு செய்யச் சொல்கிறான். பிரிந்தவளுக்கே இந்தச் சட்டம் என்றால், வீட்டில் இருக்கும் மனைவிக்கு?

தேன்கனிக்கோட்டையிலோ ராயக்கோட்டையிலோ கூலி வேலை பார்க்கும் ஒரு தகப்பன், மகள் கல்யாணக் கடனே தீராத நிலையில், பிரசவத்துக்கும் தொட்டிலுக்கும் நாற்பதாம் நாள் விருந்துக்கும் எங்கே போவார்? அவராக விரும்பி அன்பளிப்புச் செய்தால் வாங்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்குவதும், கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணைக் குத்திக்காட்டுவதும் அநியாயம். நகையும் அப்படித்தான். மஹராக வந்தது அவளுடைய சொத்து. அவள் மனம் ஒப்பித் தராமல் அதைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. அதை வட்டிக்கு வைப்பது அடுத்த பாவம்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தரப்பட்டு வந்தது. ஒரு இரவு, மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காக்கப் போகிறார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. தாயிடம் போய்க் கேட்கிறார்கள். எதிரில் நிற்பது யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் பணம் தருகிறார், அதனால் சீக்கிரமே மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்கிறாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் ஓதுவது விளங்காத அளவுக்கு அழுதார்கள் உமர் (ரலி). தொழுது முடித்ததும், அவசரப்பட்டுப் பாலை நிறுத்தாதீர்கள், இனி பிறந்த உடனேயே உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

இங்கே சிலர், ரிஸ்க் தருபவன் அல்லாஹ், எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்து விளைச்சலிலிருந்து தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக புகாரியில் வருகிறது. அவர்களைவிட தவக்குல் உள்ளவர் யார்?

அகீகாவைப் பொறுத்தவரை, ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஒன்று. வசதி இல்லாதவர் மீது குற்றம் இல்லை. மண்டபம், பிரியாணி, ஃப்ளெக்ஸ் இவையெல்லாம் அகீகாவில் சேர்ந்தவை அல்ல.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. 18,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 135 ரூபாய், முதலாளி போடுவது 585. இதில் உங்கள் மனைவிக்கும் மருத்துவம் சேரும். ஆனால் அவர் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அந்த இளைஞரின் பே-ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தேன், மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். மனைவி பெயரை அவர் சேர்க்கவே இல்லை! வேலைக்குப் போகும் சகோதரிகள் இ.எஸ்.ஐ.யில் இருந்து, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத் தொகை கிடைக்கும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, இலவசம். குழந்தைக்கு அரசு அட்டவணைப்படி போடும் தடுப்பூசியும் இலவசம். ஏழைக் குடும்பங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், முதல் இரண்டு பிரசவங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. இதற்குக் கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். அத்திபெலே பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு ஓசூருக்கு வேலைக்கு வருபவர்கள், எந்த மாநிலத்தில் பதிவது என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறப்பை 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

மீதி நம் கையில். டீக்கும் சிகரெட்டுக்கும் ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 1,800, ஆறு மாதத்தில் 10,800. தாயின் பாலுக்கும் பழத்துக்கும், அவசரத்துக்கு ஆட்டோ பிடிக்கவும் அது ஆகும். சிகரெட்டை எதற்கும் விட வேண்டியதுதான், அது வேறு பயான்.

அந்தச் சகோதரர் நகையை வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாமனாரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கர்ப்பிணி உள்ளவர்கள், தொழுகை முடிந்ததும் ஆதார் அட்டையும் பே-ஸ்லிப்பும் எடுத்துக்கொண்டு ஒளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்து அறைக்கு வாருங்கள். பெயர் சேர்த்துக் கொடுக்க இரண்டு பிள்ளைகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள்.