பந்தியில் விடுபட்டவர்கள்



ஆதித் திருச்சபையில் தினந்தோறும் உணவு பங்கிட்டபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அற்ப காரியமென்று தள்ளினார்களா? இல்லை. நற்பெயர் பெற்ற 7 பேரைத் தெரிந்துகொள்ளச் செய்து, செபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்து நியமித்தார்கள். அவர்களில் ஒருவரே வேதசாட்சியான அர்ச். முடியப்பர்.

சிவகாசியில் 2018 நவம்பரில் மூடிய பட்டாசு ஆலைகள் 2019 மார்ச்சில்தான் திறந்தன. அன்றுபோல் உலை பொங்காத நாட்கள் இனியும் வரலாம். ஆகையால் வின்சென்ட் தே பவுல் சபையாரும் குடும்பத்தாரும் கவனிப்பார்களாக.

முதலில் வீடுகளை எண்ணுங்கள். பிறகு அரிசி வாங்குங்கள். 15 நாளைக்கு வேண்டியதற்குமேல் வாங்கி வண்டு விழ விடாதீர்கள். மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கி, பழையதை முந்திக் கொடுங்கள். கணக்கில் இருவர் கையெழுத்திடட்டும். உங்கள் வீட்டில் சமைக்கத் தயங்குவதைப் பிறருக்குக் கொடாதீர்கள். வரிசையில் நிற்கக் கூசுகிறவளுக்கு, இருட்டியபின் வீட்டிலே கொண்டுபோய்க் கொடுங்கள். வேதக்காரரா என்று கேளாதீர்கள். ஒரே ஆலையில் உழைத்தவர்களுக்குப் பசியும் ஒன்றே.

பங்கீடு முடிந்ததும் பட்டியலை மறுபடி வாசியுங்கள். விடுபட்ட அந்த ஒரு வீட்டின் வாசலில் நம் ஆண்டவரே பசித்து நிற்கிறார். ஆமென்.