மெதுவாக வளரும் முகம்

கல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, துணியில் வடிகட்டி, அகலத் தட்டில் ஊற்றி, ஆட்டம் அசைவில்லாத இடத்தில் வைத்திருக்கிறேன். வெயில் ஏறியதும் நீரின் மேலேயே சின்னஞ்சிறு சதுரங்கள் மிதக்கத் தொடங்குகின்றன. உப்பு நீரைவிடக் கனமானது. இருந்தும் நீர்ப்பரப்பின் இழுவிசை அவற்றைத் தாங்கிக்கொள்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் சதுரத்தின் நடு பள்ளம். நீர் ஆவியாவது மேற்பரப்பில் என்பதால் நீர்மட்டத்தை ஒட்டிய விளிம்பில்தான் புது உப்பு சேர்கிறது. எடை கூடச் சதுரம் சற்று அமிழ்கிறது. அமிழ்ந்ததன் மேல் இன்னும் அகலமாக ஒரு சட்டம். இப்படியே போய், கோயில் தெப்பக்குளத்தைப் படித்துறையோடு பெயர்த்து மிதக்கவிட்டதுபோல ஒன்று உருவாகிறது. சுவரெங்கும் படிகள், உள்ளே வெறுமை. தட்டின் அடியில் நிதானமாக வளர்ந்தவை மட்டுமே உள்ளும் நிரம்பிய கனசதுரங்கள்.

•

படிகத்தில் எந்த முகம் வேகமாக வளர்கிறதோ, அது சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தால்தான் மனம் ஒப்புகிறது. வேகமான முகம் முன்னே போகப் போக, பக்கத்து மெதுவான முகங்கள் நீண்டு வந்து அதை ஒரு முனையாக முடித்துவிடுகின்றன. உப்புக் கல்லில் நாம் பார்க்கும் ஆறு முகங்களும் மெதுவாக வளர்ந்தவை. வேகமானவை மூலைகளாகிவிட்டன.

•

1783இல் ரொமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர், சிறுநீரிலிருந்து படியும் உப்பு எண்முகியாக வருவதைக் குறித்துவைத்தார். காரணம் யூரியா. அது மூலைப் பக்கத்து முகங்களின் வேகத்தைத் தணிக்கிறது, தணிந்தவை நிலைத்துவிடுகின்றன. உப்பின் உள்ளடுக்கு அப்படியே இருக்க, வெளியே உருவம் மட்டும் வேறாகிறது.

•

ஓர் அடுக்கு முழுதாக நிரம்பிய பின் அடுத்ததைத் தொடங்குவது கடினம். வழவழப்பான தளத்தில் தனியாக வந்து அமரும் அயனி நீருக்கே திரும்பிவிடும். கணக்குப்படி, கரைசல் மிக அதிகமாகச் செறிந்திருந்தால்தான் புது அடுக்கு தொடங்க வேண்டும். ஆனால் படிகங்கள் இம்மி அளவு மிகைச்செறிவிலேயே வளர்கின்றன. 1949இல் பிரிஸ்டலில் சார்லஸ் ஃபிராங்க் இதற்கு விடை சொன்னார்: அடுக்கில் திருகியதுபோல் ஒரு பிசகு. அது தளத்தில் ஒரு படியை விட்டுவைக்கிறது. வருபவை அதன் ஓரத்தில் ஒட்ட ஒட்ட, படி சுருளாகச் சுற்றி மேலேறுகிறது, என்றும் தீர்வதில்லை. அந்தப் பிசகு இல்லாத தளம், இவ்வளவு குறைந்த மிகைச்செறிவில் வளராமலே நின்றிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

•

மெக்சிகோவின் நைகா சுரங்கத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், 2000இல் ஒரு குகை தென்பட்டது. 11 மீட்டர் வரை நீண்ட ஜிப்சப் படிகங்கள் அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. 58 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே நீர் மாறாமல் இருந்ததே அதற்குக் காரணம். அந்த வெப்பத்தில் நீரற்ற ஜிப்சமான அன்ஹைட்ரைட் மெல்லக் கரையும், ஜிப்சம் மெல்லப் படியும். புது வித்துகள் தோன்றும் அளவுக்குச் செறிவு கூடாததால், இருந்த சிலவே வளர்ந்துகொண்டிருந்தன. 2011இல் வெளியான அளவீட்டின்படி, நூறாண்டுக்கு ஒரு தலைமயிர்க் கனம்கூட வராது.

சுரங்க வேலைக்காக நீரை இறைத்ததால்தான் மனிதர் உள்ளே போக முடிந்தது; நீர் வடிந்ததோடு வளர்ச்சியும் நின்றது. இறைப்பை நிறுத்திய பின் குகை மறுபடி மூழ்கிவிட்டது. நேரில் பார்க்க ஆசைப்பட்டவன் நான். ஆனாலும் நீர் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சியே.