நிழலும் மரியாதையும்

எங்கம்மாவுக்கும், அது கூலிக்குப் போகிற வெங்காயக் காட்டுக்காரம்மாவுக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரும் கன்னிவாடியில் ஒரே வருசம் பிறந்தவர்கள். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தாயும் மகளும் என்பீர்கள். எங்கம்மா முகம் உழுதுபோட்ட காடு மாதிரி கெடக்கும். இருந்தும் காட்டுக்காரம்மா ‘ஏ, இங்க வாடி’ என்றுதான் கூப்பிடும். எங்கம்மா ‘என்னங்கம்மா’ என்று ஓடும்.

தோல் சுருங்காமல் காப்பது யார் பொறுப்பு? களிம்பு பூசாதவளின் குற்றம் என்கிறது விளம்பரம். நம் கவிஞர்கள் சிலரோ சுருக்கத்தை ‘உழைப்பின் ரேகை’ என்று கொண்டாடுகிறார்கள். இருவருமே வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை.

வயசால் வரும் சுருக்கம் வேறு, வெயிலால் வருவது வேறு. வெயிலின் புறஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கி, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் நாரைச் சிதைக்கிறது. கறுத்த தோல் ஓரளவு தாங்கும், முழுசாகத் தாங்காது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயசுக்காரர் ஒருவரின் படத்தை 2012இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஒரே ஆள், ஒரே வயசு. வெயில் பட்ட பாதி கிழவனாகிவிட்டது.

அப்படியானால் நிழல் யாருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்ததை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. தோலைப் பற்றிய பேச்சை ‘அழகு சமாச்சாரம்’ என்று ஒதுக்கும் தோழர்களே, குடையைத் தடுத்தவனுக்கு அது வெறும் அழகு சமாச்சாரமாகத் தெரியவில்லை.

எங்கம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் களையெடுக்கும். ‘மகாராணிக்கு மேனி கறுத்துருமோ?’ என்று காட்டுக்காரம்மா ஒருநாள் கேட்டது. ‘வெயிலு எங்களையுந்தான சுடுது’ என்றது எங்கம்மா. களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

கூலி பேசும்போது நிழலையும் சேர்த்துப் பேசுவோம். உச்சிவெயிலில் ஓய்வு, வரப்போரம் ஒரு பந்தல், குடிக்கத் தண்ணி. முதுமையை முன்கூட்டியே கொடுத்த ஊர், முதுமைக்குரிய மரியாதையை இன்னும் பாக்கி வைத்திருக்கிறது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.